அடிபட்ட முன்சக்கரம் 100 மணி நேரம் காத்திருக்காது

கொங்கு வட்டாரத்தில் பயிற்சி விமானங்களும் சொந்த விமானங்களும் வைத்து நடத்தும் நிர்வாகத்தினருக்கும் உரிமையாளர்களுக்கும்,

உங்களில் ஒரு நிர்வாகம் தன் ஹேங்கர் (விமானக் கொட்டகை) பலகையில் ஒட்டிய சுற்றறிக்கையில் இரண்டு உத்தரவுகள் இருக்கின்றன. விமானம் தரையில் பலமாக மோதி இறங்கியதாக விமானி எழுதிக் கொடுத்தால் மட்டும் தனிச் சோதனை செய்ய வேண்டும், எழுதாவிட்டால் 100 மணி நேரம் பறந்ததும் வழக்கமாகச் செய்யும் அடுத்த சோதனையில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஒன்று. லேண்டிங் கியரில், அதாவது விமானத்தின் கால், சக்கர அமைப்பில் வரும் புஷ், பின், போல்ட் மாதிரியான 'சில்லறைச் சாமான்களை' உள்ளூர் லேத்தில் கடைந்து போட்டுக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. மற்ற சிலரும் இதையே பின்பற்ற யோசிக்கிறீர்கள் என்று தெரிகிறது. அந்த விமானங்களுக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவர்கள் நாங்கள். இந்த இரண்டு உத்தரவையும் எங்களால் ஏற்க முடியாது.

முதல் உத்தரவை எடுத்துக்கொள்வோம். நம் பக்கம் அதிகம் பறக்கும் செஸ்னா 172-க்குக் கியர் உள்ளே மடங்காது, அதனால் அதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். அதன் இரண்டு பிரதான கால்களும் ஸ்பிரிங் ஸ்டீல். வளைந்து கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும். முன்கால் அப்படியில்லை. அது எண்ணெயும் காற்றும் அடைத்த ஸ்ட்ரட். அந்த ஸ்ட்ரட் பூட்டியிருப்பது ஃபயர்வாலில், அதாவது எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே நிற்கும் மெல்லிய தகட்டுச் சுவரின் கீழ்ப்பகுதியில். வேகம் குறையாமல் வந்து முன்சக்கரம் முதலில் தரை தொட்டாலும் சரி, குதித்துக் குதித்து மூன்றாவது குதியில் மூக்கு கீழே விழுந்தாலும் சரி, அந்த அடி முழுவதும் போய்ச் சேருவது அந்தத் தகட்டில்தான். தகடு சுருக்கம் விழுந்து நெளியும். வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, எஞ்சினை மூடியிருக்கும் கீழ்க் கௌலிங் மறைத்துக்கொள்ளும். பெயின்ட் பளபளவென்று இருக்கும், டயரில் காற்று இருக்கும், அடுத்த மாணவர் ஏறி உட்கார்ந்துவிடுவார்.

அதனால் சோதனை என்று நாங்கள் சொல்வது சுற்றி வந்து ஒரு பார்வை பார்ப்பதை அல்ல. மேல் கௌலிங், கீழ்க் கௌலிங் இரண்டையும் கழற்ற வேண்டும். ஸ்ட்ரட்டைப் பிடித்திருக்கும் மேல், கீழ் ஃபிட்டிங்குகளைச் சுற்றியுள்ள ரிவெட்டுகளை ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அசையும் ரிவெட்டைச் சுற்றிக் கருஞ்சாம்பல் நிறத்தில் வளையம் தெரியும், பெயின்ட் மயிரிழை அகலத்தில் வெடித்திருக்கும். ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பைத் தகட்டின் மேல் குறுக்கே வைத்தால் சுருக்கம் இருக்கும் இடத்தில் வெளிச்சம் கசியும். பிறகு கேபினுக்குள் போய், ரடர் பெடலுக்கு அருகே கார்ப்பெட்டை விலக்கி, அதே தகட்டின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். முன்பக்கம் சந்தேகமாகத் தெரிந்தது இந்தப் பக்கம் தெளிவாகிவிடும். எஞ்சின் மவுண்ட் குழாய்களின் வெல்டிங், அவற்றின் போல்ட்டுகள், பிரதான கால்கள் உடம்புக்குள் நுழையும் இடத்தில் தரைப் பலகைக்கு அடியிலுள்ள பிராக்கெட்டுகள், கடைசியாக புரொப்பெல்லரின் நுனி. நுனியில் தார் ஒட்டியிருந்தாலோ உரசல் இருந்தாலோ அது கியர் வேலையோடு முடியாது. புரொப்பெல்லர் தரையில் பட்ட லைகாமிங் எஞ்சினின் பின்புற ஆக்சசரி கேஸைத் திறந்து, கிராங்க்ஷாஃப்ட் கியரையும் அதன் டவல் பின்னையும் சோதித்து, அதைப் பிடித்திருக்கும் போல்ட்டையும் லாக் பிளேட்டையும் மாற்ற வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ 2004-ல் கட்டாய உத்தரவே போட்டிருக்கிறது. எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் ஒன்றும் ஆகவில்லை என்ற சமாதானத்துக்கு அந்த உத்தரவில் இடமில்லை.

இவ்வளவுக்கும் இரண்டு பேருக்கு அரை நாள் போதும். அந்த அரை நாளைத்தான் 100 மணி நேரத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்கிறீர்கள். 100 மணி நேரம் என்றால் எத்தனை இறக்கம் என்று கணக்குப் போட்டீர்களா? சர்க்யூட் சுற்றும், அதாவது ஓடுபாதையை வட்டமிட்டுத் திரும்பத் திரும்ப இறங்கி ஏறும் பயிற்சி விமானம் மணிக்கு 6 முறையாவது தரை தொடும். 100 மணியில் பாதிதான் சர்க்யூட் என்று வைத்தாலே 300 இறக்கம். சுருங்கிய தகட்டில் ஒவ்வோர் இறக்கத்துக்கும் ரிவெட் ஓட்டை நீள்வட்டமாகிக்கொண்டே போகும். முதல் நாள் கண்டிருந்தால் ஒரு பட்டை வைத்து ரிவெட் அடித்து முடித்திருக்கக்கூடிய வேலை, ஃபயர்வாலையே மாற்றும் வேலையாக வளர்ந்து நிற்கும். அதற்கு எஞ்சினை இறக்க வேண்டும், விமானம் மாதக்கணக்கில் மூலையில் கிடக்கும். காசுக் கணக்குப் பார்த்தாலும் உங்கள் சுற்றறிக்கை நட்டம்தான்.

விமானி எழுதினால் மட்டும் என்ற நிபந்தனை நடைமுறைக்கே ஒவ்வாதது. தனியாகப் பறக்கும் மாணவருக்கு எது பலமான இறக்கம், எது சாதாரண இறக்கம் என்ற அளவு இன்னும் கைக்கு வந்திருக்காது. 172-ல் எத்தனை ஜி (புவியீர்ப்பின் எத்தனை மடங்கு) அடித்தது என்று காட்டும் மீட்டர் கிடையாது. தெரிந்த மாணவரும் எழுத மாட்டார், ஏனென்றால் பல இடங்களில் பலமாக இறக்கினால் அபராதம். வீட்டில் நிலத்தை அடமானம் வைத்துப் படிக்க வந்த பிள்ளை அபராதம் வரும் என்று தெரிந்தும் பேனாவை எடுக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அபராதம் இருக்கும்வரை டெக் லாக் என்ற பழுதுப் பதிவேடு சுத்தமாகத்தான் இருக்கும். தகடுதான் சுருங்கியிருக்கும்.

ஜி1000 என்ற மின்னணுத் திரைக் கருவி பொருத்திய விமானங்களில் உங்கள் கையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. அதன் எஸ்டி கார்டில் நொடிக்கு ஒரு முறை வேகம், இறங்கு வீதம், செங்குத்து ஜி எல்லாம் பதிவாகின்றன. மாலையில் கார்டை உருவிக் கணினியில் போட்டால் எந்த இறக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். தரையில் அடிக்கும் நேரம் ஒரு நொடியில் சிறு பங்கு, அதனால் உச்ச அடி இரண்டு பதிவுகளுக்கு நடுவே தப்பிப்போகலாம். கார்டு சந்தேகத்தைக் கிளப்பினால் சோதனை செய்யுங்கள். கார்டு ஒன்றும் காட்டவில்லை என்பதற்காகச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

முன்கால் ஸ்ட்ரட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தினமும் தப்பு நடப்பது அங்கேதான். "காத்து மட்டும் புடிச்சு உடுங்க, காலையில ஃப்ளைட் இருக்குதுங்க" என்று சொல்லி அனுப்புகிறீர்கள். ஸ்ட்ரட் தாழ்ந்து நிற்கிறதென்றால் எண்ணெயும் போயிருக்கலாம், காற்றைப் போட்டு உயர்த்தினால் தாழ்வு மறையும், எண்ணெய் வராது. காற்று வெறும் ஸ்பிரிங். அடியை அடக்குவது எண்ணெய்தான். எண்ணெய் குறைந்த ஸ்ட்ரட் அடியை வாங்காமல் முட்டித் திருப்பி எறியும், அந்தக் குதிப்பு மறுபடி ஃபயர்வாலில் போய் விழும்.

சரியான முறை இது. மூக்கைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்த வேண்டும். அதற்கு வாலின் அடியிலுள்ள கட்டும் வளையத்தில் எடை கட்ட வேண்டும், பின்இறக்கையைக் கையால் அமுக்கக் கூடாது, அமுக்கினால் அதன் உள்சட்டம் வளையும். காற்றை முழுக்க வெளியே விட்டபின் வால்வைக் கழற்றி, ஸ்ட்ரட்டை அடிவரை அமுக்கி, சிவப்பு நிற 5606 மினரல் எண்ணெயை வால்வு மட்டம்வரை ஊற்ற வேண்டும். நாலைந்து முறை இழுத்து அமுக்கி உள்ளிருக்கும் குமிழிகளை வெளியேற்றி, மறுபடி மட்டம் பார்க்க வேண்டும். பிறகு வால்வைப் பூட்டி, சக்கரம் தொங்கிய நிலையிலேயே 172எஸ்-க்கு 45 பிஎஸ்ஐ ஏற்ற வேண்டும். அதற்கு மேல் ஒரு பிஎஸ்ஐ கூட வேண்டாம். ஸ்ட்ரட் முழுக்க நீண்டால் முன்சக்கரம் நேராகப் பூட்டிக்கொள்ளும்படி செஸ்னா அதை அமைத்திருக்கிறது. பறக்கும்போது சக்கரம் கோணாமல் இருக்க அந்தப் பூட்டு வேண்டும். காற்றை அதிகம் ஏற்றினால் தரையிலும் ஸ்ட்ரட் நீண்டே நிற்கும், ஸ்டியரிங் திரும்பாது, மாணவர் பெடலை உதைத்து உதைத்து இணைப்புக் கம்பிகளை வளைப்பார். காற்று இல்லாமலே போனால் வானத்தில் ஸ்ட்ரட் நீளாது, பூட்டு விழாது, சக்கரம் கோணலாக வந்து ஓடுபாதையைத் தொடும். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் காற்றில் ஈரம் அதிகம், அது உள்ளே தங்கித் துருவாக மாறும். ஒரு நைட்ரஜன் சிலிண்டரும் ரெகுலேட்டரும் வாங்கி வைப்பது உங்களுக்குப் பெரிய செலவில்லை.

எண்ணெய் விஷயத்தில் இன்னொரு கேடு. 5606 தீர்ந்துவிட்டால் கார் கடையில் பிரேக் ஆயில் வாங்கி ஊற்றிவிடுகிறார்கள். டாட்-3, டாட்-4 இரண்டும் கிளைக்கால் வகை. இந்த விமானங்களின் பிரேக்கிலும் ஸ்ட்ரட்டிலும் இருக்கும் நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங்குகள் அதில் ஊறினால் உப்பும். உப்பிய ஓ-ரிங் பிஸ்டனைத் திரும்பி வரவிடாது, பிரேக் பிடித்தபடியே உரசிக்கொண்டு ஓடும், டிஸ்க் சூடேறும், பிறகு கசியும். ஒரு முறை ஊற்றிவிட்டால் வடித்துக் கழுவினால் தீராது, எல்லா ஓ-ரிங்கையும் மாற்றியாக வேண்டும்.

இரண்டாவது உத்தரவுக்கு வருகிறோம். கோவை கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் இருக்கும் லேத்துக்காரர்களின் கைத்திறமையை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களுடைய பம்பும் மோட்டாரும் நாடு முழுக்கத் தண்ணீர் இறைக்கின்றன. மைக்ரான் கணக்கில் கடையச் சொன்னால் மைக்ரான் கணக்கில் கடைந்து கொடுப்பார்கள். ஆனால் அளவு சரியாக இருப்பது பாதி வேலைதான். கியரில் போகும் ஏஎன் வகை போல்ட் சதுர அங்குலத்துக்கு 1,25,000 பவுண்டு இழுவிசை தாங்கும் அலாய் ஸ்டீல். அதன் தலையிலுள்ள குறி அதைச் சொல்லும், மேலே காட்மியம் பூச்சு இருக்கும். கடை கம்பியில் அதே அளவுக்கு ஒரு போல்ட்டைக் கடைந்து, பக்கத்து பிளேட்டிங் பட்டறையில் பூச்சுப் போட்டு வாங்கினால், பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பூச்சுத் தொட்டியில் ஹைட்ரஜன் உலோகத்துக்குள் நுழைகிறது. வலுவான ஸ்டீலில், பூச்சு முடிந்த சில மணி நேரத்துக்குள் சுமார் 190 டிகிரி சூட்டில் மணிக்கணக்கில் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். வெளியேற்றாத போல்ட் பூட்டும்போது உடையாது. முறுக்கிப் பூட்டி, எல்லாம் சரியென்று கையெழுத்துப் போட்ட பிறகு, நாள் கழித்து, நின்ற இடத்தில், முன்னறிவிப்பு இல்லாமல் தலை தெறிக்கும். வாட்டர் பம்ப்பில் இது நடந்தால் தண்ணீர் நின்றுபோகும், அவ்வளவுதான்.

முன்காலின் டார்க் லிங்க் புஷ்ஷும் அப்படித்தான். டார்க் லிங்க் என்பது ஸ்ட்ரட்டின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் கத்தரிக்கோல் மாதிரி இணைத்து, சக்கரம் தன்னிஷ்டத்துக்குச் சுழலாமல் பிடிக்கும் ஜோடி. அதன் புஷ் தேய்ந்தால் ஓடுபாதையில் முன்சக்கரம் படபடவென்று இடமும் வலமும் உதறும், டாஷ்போர்டே ஆடும். உடனே அந்த உதறலை அடக்கும் ஷிம்மி டாம்பரை மாற்றச் சொல்கிறீர்கள். மாற்றினால் ஒரு வாரம் சரியாக இருக்கும், மறுபடி உதறும். ஏனென்றால் நோய் டாம்பரில் இல்லை. மூக்கைத் தூக்கி நிறுத்தி, டயரை இரு கையாலும் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். லிங்க்கின் நடுமூட்டில் விரல் வைத்தால் 'டக்' என்று ஒரு சின்ன இடைவெளி விரலுக்குத் தெரியும். அந்த இடைவெளியை எடுக்க புஷ்ஷும் ஷிம்மும் (மெல்லிய இடைத்தகடு) மாற்ற வேண்டும், சக்கர பேரிங்கின் இறுக்கம் பார்க்க வேண்டும், டயர் சமநிலை பார்க்க வேண்டும், கடைசியாகத்தான் டாம்பர். அந்த இடத்தில் எந்த உலோகம் என்று தெரியாத புஷ்ஷைத் தட்டி ஏற்றினால், மெத்தென்றிருந்தால் அது ஒரு மாதத்தில் தேயும், கடினமாக இருந்தால் லிங்க்கின் ஓட்டையைத் தின்னும். 'சில்லறைச் சாமான்' மிச்சம் பிடித்து முழு லிங்க்கையும் தூக்கிப் போட வேண்டிவரும்.

நாமக்கல் லாரியைக் காட்டி ஒரு வாதம் வைக்கிறீர்கள், அதில் எல்லாம் உள்ளூர்ச் சாமான்தானே என்று. லாரியின் ஸ்பிரிங் பட்டைக் கட்டில் பத்துப் பன்னிரண்டு பட்டை இருக்கும், ஒன்று உடைந்தால் மற்றவை தாங்கும். 172-ன் கால் ஒரே ஸ்டீல். அதன் மேல் கல்பட்டுப் பெயின்ட் உரிந்த இடம், படிக்கட்டு ஒட்டிய இடம், பிரேக் குழாய் கிளாம்ப் உரசும் இடம், இவற்றில் துரு ஒரு ஊசிமுனைக் குழி போட்டால் போதும், விரிசல் அங்கிருந்து ஓடும். 

சட்டமும் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. இந்திய விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏ-வின் கார்-எம் என்ற பராமரிப்பு விதிகளில் எம்.ஏ.403, பறப்பின் பாதுகாப்பைக் கெடுக்கும் பழுதை அடுத்த பறப்புக்கு முன் சரிசெய்யச் சொல்கிறது. எம்.ஏ.501, உரிய வெளியீட்டுச் சான்று இல்லாத பாகத்தைப் பூட்டக் கூடாது என்கிறது. சிஏ படிவம் 1, எஃப்ஏஏ 8130-3, ஐரோப்பிய ஈஏஎஸ்ஏ படிவம் 1 போன்றவைதான் சான்று, பட்டறை ரசீது சான்றாகாது. கையெழுத்துப் போடும் பொறியாளரின் லைசென்ஸ்தான் முதலில் போகும், அவரைக் கட்டாயப்படுத்தியவர் யார் என்று டெக் லாக்கில் எழுதியிருக்காது.

கியர் மடங்கும் விமானம் வைத்திருக்கும் உரிமையாளர்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. பைப்பர் ஆரோவில் கியரை மேலே பிடித்திருப்பது ஹைட்ராலிக் அழுத்தம் மட்டுமே. பறக்கும்போது பம்ப் அடிக்கடி தானாக ஓடி நிற்கிறதென்றால் உள்ளே எங்கோ ஓ-ரிங் கசியவிடுகிறது. "அது அப்படித்தாங்க" என்று விட்டுவிடாதீர்கள். பச்சை விளக்கு மூன்றும் தெரியவில்லை என்று பகலில் பதறும் முன் நேவிகேஷன் விளக்கு சுவிட்சைப் பாருங்கள், அது போட்டிருந்தால் பச்சை விளக்குகள் மங்கிவிடும். ஒன்று மட்டும் எரியாவிட்டால் எரியும் விளக்கின் பல்பை அதில் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பக்கத்தாங்கியின் ஸ்டட் விரிசலைச் சோதிக்க 1997-ல் வந்த உத்தரவு உங்கள் விமானத்துக்குப் பொருந்துமா என்று பதிவேட்டில் தேடுங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது விமானத்தை ஜாக்கில் ஏற்றி, வெளி மின்சாரத்தில், கியரைப் பலமுறை மடக்கி விரிக்க வேண்டும், அவசர முறையிலும் விரிக்க வேண்டும். ஜாக் வாடகையை மிச்சப்படுத்த லீவரை ஆட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள்.

காற்றையும் மறக்க முடியாது. வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆடி, ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. கோவையின் 23 ஓடுபாதை நிற்பது 230 டிகிரியில். காற்று 270 டிகிரியிலிருந்து 25 நாட் (மணிக்கு 25 கடல் மைல்) வேகத்தில் வீசினால் குறுக்குக் காற்று 16 நாட் ஆகிறது. 172எஸ் கையேடு காட்டும், சோதனைப் பறப்பில் செய்து பார்த்த அளவு 15 நாட். அந்த மாதங்களில் கால்கள் பக்கவாட்டில் இழுபட்டே இறங்குகின்றன. டயரின் ஓரம் ஒரு பக்கமாகத் தேயும், டியூப் ரிம்மில் நழுவி வால்வுக் காம்பை அறுக்கும். டயரிலிருந்து ரிம் வரை சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டு வைத்தால் நழுவலைக் காலையிலேயே கண்டுவிடலாம். டயர் காற்றையும் காலைக் குளிர்ச்சியில்தான் பார்க்க வேண்டும். 10 டிகிரி சூடு கூடினால் அளவு சுமார் 2 பிஎஸ்ஐ ஏறும், சித்திரை மத்தியானத்தில் சரியாகக் காட்டிய டயர் விடிகாலையில் குறைந்திருக்கும். இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. இந்தச் சக்கரங்களின் ரிம் இரண்டு பாதி. காற்றை முழுக்க இறக்காமல் இணைப்பு போல்ட்டைத் தளர்த்தினால் பாதி ரிம் குண்டு மாதிரி பாயும். அவசரப்படுத்தி வேலை வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

நாங்கள் கேட்பவை இவை.

சுற்றறிக்கையின் இரண்டு உத்தரவுகளையும் எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். வாய்மொழியாக விட்டுவிட்டோம் என்பது போதாது, அதே பலகையில் ஒட்டுங்கள்.

பலமான இறக்கம் என்று விமானியோ, பயிற்றுநரோ, டவரோ, ஹேங்கர் வாசலில் நின்று பார்த்த டெக்னீஷியனோ யார் சொன்னாலும், அன்றைக்கே கௌலிங் கழற்றிச் சோதனை முடியும்வரை விமானம் பறக்கக் கூடாது. பராமரிப்புக் கையேட்டின் 5-ம் அத்தியாயத்தில் சொல்லியிருக்கும் திடீர்ச் சோதனைப் பட்டியலை அச்சிட்டு, ஒவ்வொரு வரியிலும் கையெழுத்து வாங்குங்கள். இறக்கத்துக்கு மாணவரிடம் அபராதம் வசூலிப்பதை இந்த மாதத்தோடு நிறுத்துங்கள். ஜி1000 உள்ள விமானங்களின் கார்டைத் தினமும் மாலை எடுத்துப் பார்க்க ஒருவரை நியமியுங்கள்.

இதுவரை லேத்தில் கடைந்து பூட்டிய எல்லா புஷ், பின், போல்ட்டும் எந்த விமானத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பட்டியல் எடுத்து, சான்றுள்ள பாகங்களால் மாற்றும்வரை அந்த விமானங்களை நிறுத்தி வையுங்கள். இது உடனே நடக்க வேண்டும்.

ஸ்டோரில் எப்போதும் இருக்க வேண்டியவை: விமானத்துக்கு ஒரு முன்கால் ஸ்ட்ரட் சீல் செட், டார்க் லிங்க் புஷ் மற்றும் ஷிம், டாம்பர் ஓ-ரிங், பிரேக் லைனிங் இரண்டு செட், 6.00-6 மற்றும் 5.00-5 டியூப்கள், சீல் உடைக்காத 5606 டின்கள், நைட்ரஜன் சிலிண்டர், அளவு சரிபார்த்த பிரஷர் கேஜ். கார் பிரேக் ஆயில் ஒரு பாட்டில்கூட ஹேங்கருக்குள் வரக் கூடாது.

மேற்குக் காற்று மாதங்களில் தனியாகப் பறக்கும் மாணவருக்குக் குறுக்குக் காற்று வரம்பை எழுதி வையுங்கள், அதை மீறி அனுப்பும் அதிகாரம் யாருக்கும் வேண்டாம்.

இதற்கான பதிலை எங்களில் ஒருவரைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லாமல், எல்லோரும் படிக்கும்படி எழுத்தில் 15 நாட்களுக்குள் தாருங்கள். அதுவரை சோதனை முடியாத கியருக்கும் சான்றில்லாத பாகத்துக்கும் எங்களில் யாரும் கையெழுத்துப் போட மாட்டோம்.

இப்படிக்கு,
கொங்கு வட்டார ஹேங்கர்களில் பணிபுரியும் விமானப் பராமரிப்புப் பொறியாளர்கள், டெக்னீஷியன்கள்